வைக்காத மருந்து

பையனுக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். எங்கள் பக்கத்தில் இடுமருந்து என்பது மாட்டுக்கு வரும் கோமாரியைப் போல ஒரு நடப்பு. உண்டா இல்லையா என்று அதைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை. ஒருவருடைய மனத்தைத் தன் பக்கம் இழுக்க நினைப்பவர் தின்பண்டத்தில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார். அது குடலில் ஒட்டிக்கொண்டு, தின்றவரை மெல்ல மெல்லத் தன் வீட்டுக்கே அந்நியராக்கிவிடும். முகம் வெளிறும், சோறு இறங்காது, கேட்டதற்குப் பதில் வராது. இந்த அடையாளங்கள் எல்லாம் என் மகனிடம் இருந்தன. அப்போது அவனுக்குப் பதினாறாவது வயது நடந்துகொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. உத்திரமேரூருக்கு அருகே, ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு கிராமத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. என் கணவரின் அக்கா உள்ளூரிலேயே, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவருடைய ஒரே மகள் பிறந்த அன்றே, அவள் என் மகனுக்குத்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் உறவில் அது முடிவு செய்ய வேண்டிய காரியமே இல்லை. பொழுது விடிவதைப் போலத் தானாக நடப்பது.

அந்தப் பெண் பெரியவளானபோது தாய்மாமன் என்ற முறையில் என் கணவர் தென்னங்கீற்றில் குடிசை கட்டினார். தண்ணீர் ஊற்றும் நாளன்று, உரிமையுள்ள பையன் அவள் கழுத்தில் ஒரு மாலையைப் போடுவது வழக்கம். மாலையை என் மகன் கையில் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கி, சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, திரும்பத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டான்.

"இன்னாடா, வெக்கமா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது.

"வாணாம். நான் போட மாட்டேன்," என்றான். அவ்வளவுதான். பந்தலைக் கடந்து வெளியே போய்விட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு விசாரணை தொடங்கியது. யாரும் அவனை நேரில் கேட்கவில்லை. எல்லோரும் அவனைச் சுற்றித் தேடினார்கள். எங்கே போகிறான், யாரோடு வருகிறான், எந்த வீட்டில் என்ன தின்றான். தேடத் தேட எல்லா வழிகளும் ஒரே வாசலில் போய் நின்றன. எங்கள் தெருவின் வடகோடியில் ஒரு தையற்காரம்மா குடியிருந்தார். கணவரை இழந்தவர். ஊர்ப் பெண்களின் ரவிக்கையெல்லாம் அவர் இயந்திரத்தில் தைத்தவைதான். அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகன் என் பையனோடு ஒரே வகுப்பில் படித்தான். பரீட்சைக்கு இருவரும் சேர்ந்து படிப்பதாகச் சொல்லி, என் பையன் அங்கேதான் இருப்பான்.

"தம்பி, உன் கொயந்த மூஞ்சியப் பார்றா. ரத்தமே இல்ல," என்றார் நாத்தனார். "எந்நேரமும் அந்தத் தையக்காரி வூட்லதான் கீறான். இன்னா துன்றான், இன்னா குடிக்கிறான், உனுக்குத் தெரியுமா?"

"படிக்கப் போறான்க்கா."

"ஆமா, இவன் வூட்ல வெளக்கே இல்ல, அங்க போயி படிக்கிறான்! வயசுப் பொண்ணு ஒண்ணு கீதுடா அந்த வூட்ல. தீவாளிக்கு அதிரசம் குடுத்தா பாரு, அப்பவே நெனச்சேன். ஏம்மா, நீதான் புஸ்தகம் புஸ்தகமாப் படிக்கிறியே, உனுக்காவது தோண வாணாமா?"

எனக்கும் தோன்றாமல் இல்லை. நான் மருந்தை நம்பியவள் அல்ல. ஆனால் அந்தப் பெண்ணை நம்பவில்லை. பள்ளியாசிரியர் வீட்டில் பிறந்து, கிளை நூலகத்துப் புத்தகங்களோடு வளர்ந்தவளுக்கும் சந்தேகம் என்று வந்துவிட்டால் ஊராரின் கண்தான். அவன் சட்டையைத் துவைக்கும்போது காலரை முகர்ந்து பார்த்தேன். தையற்காரம்மாவின் மகள் குழாயடிக்கு வரும் நேரத்தில் அவன் எங்கே நிற்கிறான் என்று கவனித்தேன். அவன் அவளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவளோடு அவள் தம்பி வந்தால் மட்டும், என் மகன் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாதவனைப் போல நிற்பான். இதைக் கண்டேன். ஆனால் கண்டதை எதனோடு சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மருந்தெடுப்பவர் தாமல் ஏரிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்தார். காஞ்சிபுரம் போய், வண்டி மாறி, ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம். கணவர், நாத்தனார், நான், நடுவில் அவன். கீற்றுப் பந்தலில் எங்களுக்கு முன்பே சிலர் காத்திருந்தார்கள். பந்தல் ஓரத்தில் மருந்தெடுப்பவரின் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா? பையனுக்கா? அய்ய, பால் வடியற மூஞ்சி!" என்று ஒரு இழுப்பு இழுத்தார். அது போதும். நாத்தனார் மாலையில் தொடங்கி அதிரசம் வரை, தெருவின் வடகோடி உட்பட, ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். அந்த அம்மாள் 'த்சொ, த்சொ' என்றபடி கேட்டுவிட்டு, கீரை முழுவதும் ஆய்ந்து முடிப்பதற்குள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் ஆயாமல் விட்டுப்போன பாதிக் கீரையை நான் பார்த்தேன்.

எங்கள் முறை வந்தது. மருந்தெடுப்பவர் ஏதோ இலையைக் கசக்கி, தண்ணீரில் பிழிந்து, அந்தப் பச்சைச் சாற்றை என் மகனின் உள்ளங்கையில் ஊற்றினார். கையை அசைக்கக் கூடாது என்றார். நாங்கள் அந்தக் கையையே பார்த்திருந்தோம். சாறு மெல்ல இறுகி நுங்கைப் போல ஆயிற்று. கையைக் கவிழ்த்தபோது அது துண்டாக வழுக்கி விழுந்தது.

"கட்டிக்கிச்சி பாத்தீங்களா? உள்ள கீது," என்றார். "பொம்பள கை. இனிப்புல வெச்சிக்கீறா. உங்க வூட்டுக்கு வடக்கால தேடுங்க."

நாத்தனார் என் தோளை அழுத்தினார். என் கணவரின் முகம் இருண்டது.

பிறகு ஒரு கஷாயம் கொடுத்தார்கள். என் பிள்ளை வாந்தியெடுத்த விதத்தை இன்றும் என்னால் நினைக்க முடியவில்லை. குச்சியால் கிளறி, கறுப்பாக ஒன்றைக் காட்டினார் அவர். நான் அதைப் பார்க்கவில்லை. அவருடைய விரலிடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாதிதான் வந்துக்கீது. மீதி ஒட்டிக்கினு கீது. அமாவாச தாண்டி இட்டுக்கினு வாங்க, குழல் வெச்சி உறிஞ்சி எடுத்துர்லாம். அதுக்குள்ள வெச்சவ கையக் கட்டுங்க. கோயில்ல நிக்க வெச்சி, கற்பூரத்த அணைக்கச் சொல்லுங்க. தப்பு பண்ணவளா இருந்தா கை கிட்டவே போவாது."

அடுத்த சில நாட்களில் தெரு மாறிப்போனது. தைக்கக் கொடுத்த துணிகளைப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்ப வாங்கிவந்தார்கள். சிலர் வெட்டிய துணியையும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டின் சொந்தக்காரர் தையற்காரம்மாவை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வரும் வெள்ளிக்கிழமை எல்லையம்மன் கோயிலில் அவர் ஊர் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. சத்தியம் செய்தாலும் பேர் போனது போனதுதான்; செய்ய மறுத்தால் ஊரைவிட்டே போக வேண்டும். குழந்தைகளோடு அவர் எங்கே போவார் என்று யாரும் கேட்கவில்லை.

மருந்தெடுப்பவர் கசக்கிய அந்த இலையை நான் மீண்டும் பார்த்தது துணி துவைக்கும்போதுதான். அவன் சட்டைக் கையில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. வெல்வெட்டைப் போன்ற மென்மயிர், முட்டை வடிவம். எங்கள் கிணற்றங்கரை வேலியில் படர்ந்திருந்த கட்டுக்கொடிதான் அது என்று உடனே தெரிந்தது. ஒரு கை பறித்துவந்து, கசக்கி, டம்ளர் தண்ணீரில் பிழிந்து வைத்தேன். யார் கையும் படவில்லை, யார் வயிற்றிலும் மருந்தில்லை. அடுப்பில் உலை வைத்துத் திரும்புவதற்குள் டம்ளரில் அது கெட்டியாக உறைந்திருந்தது. அதன் இயல்பே அதுதான்.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. தோட்டத்தில், பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்த மகனிடம் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இங்க பாரு. எல்லாம் பித்தலாட்டம். இனிமே உன்னை அங்க யாரும் இட்டுக்கினு போக முடியாது."

அவன் டம்ளரைப் பார்த்தான். அவன் முகம் மலரவில்லை. பயந்துவிட்டவனைப் போல என்னைப் பார்த்து, "இத நைனா கிட்ட காட்டாதம்மா," என்றான்.

என் சந்தேகம் முழுவதும் ஒரு நொடியில் திரும்பி வந்தது. அப்படியானால் அந்தப் பெண்ணோடு ஏதோ இருக்கிறது, இவன் மறைக்கிறான். "ஏன்?" என்று கேட்ட என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மருந்துன்னா எல்லாரும் பாவம்னு பாக்கறாங்கம்மா. மருந்து இல்லன்னா, அப்ப ஏன்டா மாலை போடலன்னு கேப்பாங்க."

"ஏன் போடல? தையக்காரம்மா பொண்ணா?"

இல்லை என்று தலையசைத்தான். ஒரு செடியை எடுத்து, காய்களை ஒவ்வொன்றாகப் பறித்துக் கூடையில் போட்டான். நான் அவன் எதிரில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு செடியை எடுத்துக்கொண்டேன். கேள்விகளைக் கூட்டினால் அவன் எழுந்து போய்விடுவான் என்று தெரிந்தது. செடிகள் பாதி குறையும்வரை இருவரும் காய்களை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"எந்தப் பொண்ணும் இல்லம்மா," என்றான் கடைசியில், கூடையைப் பார்த்தபடி. "கிளாஸ்ல பசங்க பொண்ணுங்களப் பத்திப் பேசிக்கிறானுங்க இல்ல, பாத்தா நெஞ்சு அடிச்சிக்கிதுன்னு. எனக்கு அது பொண்ணுங்களப் பாத்து வர்ல. எனக்கு… அவனப் பாத்தாதான்." அவன் என்றது தையற்காரம்மாவின் மகனை.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா பேச மாட்டான்."

"வேற யாருக்கு?"

"உனக்குத்தான். இப்பதான்."

நான் படித்தவற்றையெல்லாம் அந்தக் கணத்தில் துழாவினேன். காதல் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அதில் என் பிள்ளை நிற்பதற்கு ஓர் ஓரம்கூட நினைவுக்கு வரவில்லை. கேலியாகச் சொல்லும் சொற்கள் தெரியும். அவற்றை இவன் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தபோது எதுவும் இவனுக்குப் பொருந்தவில்லை. ஆகவே கேட்கத் தெரிந்ததை மட்டும் கேட்டேன்.

"இது யாரும் உனக்குள்ள வெச்சது இல்லயே?"

"இல்லம்மா. சின்னதுல இருந்தே கீது."

"அப்ப எடுக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல," என்றேன். "கஷாயமும் வேணாம், குழலும் வேணாம். நீ எப்படி கீறியோ அப்படியே எனக்கு வேணும்."

அவன் அழுதது அப்போதுதான். மாலையைத் திருப்பி வைத்த நாளிலிருந்து கஷாயம் வரை ஒருமுறையும் அழாதவன். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது செம்மண் கன்னத்தில் கோடாக இழுத்தது.

என்ன செய்ய வேண்டும் என்பது அதன் பிறகுதான் கடினமாயிற்று. மருந்து என்ற பொய் நிலைத்திருக்கும்வரை என் மகனுக்கு ஆபத்தில்லை. அந்தப் பொய் அப்படியே இருந்தால் வெள்ளிக்கிழமை ஒரு பெண்ணின் தலையில் பழி விழும். டம்ளரை நான் பரண்மேல் வைத்துவிட்டு, அவனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "இது உன் விஷயம். நீ சொல்லச் சொன்னா சொல்றேன். இல்லன்னா வேற வழி தேடறேன்." வேறு வழி எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த நாட்களில் நான் எல்லோரையும் சந்தேகித்தேன். கணவர் தொண்டையைக் கனைத்தால் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். நாத்தனார் கூடத்தில் நின்றால் ஒட்டுக்கேட்கிறாரோ என்று நினைத்தேன். அவன் சோற்றைத் தள்ளிவைத்தபோதெல்லாம் கிணற்றுப் பக்கம் போகிறானா என்று பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் அவன் பள்ளிக்குப் புறப்பட்டு, வாசல்வரை போய், திரும்பி வந்தான்.

"அந்தம்மா எனக்குச் சோறு போட்டிருக்காங்க. நைனா கிட்ட சொல்லிடு. நைனா கிட்ட மட்டும்."

புதிதாகக் கட்டுக்கொடி பறித்து, இன்னொரு டம்ளரில் பிழிந்து எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். என் கணவர் பம்புசெட் கொட்டகையில் பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். முதலில் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன், சாறு விழவில்லை. அவர் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மற்றதைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல், அவன் சொன்ன சொற்களிலேயே சொன்னேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்தப் பேச்ச நீ எந்தப் பொஸ்தகத்துல படிச்ச?"

"எந்தப் பொஸ்தகத்துலயும் இல்லங்க. இருந்திருந்தா முன்னாடியே புரிஞ்சிருக்கும்."

"வயசுக் கோளாறு. சரியாப் பூடும்."

"தெரியல. சரியாகறதுக்கு இது நோயான்னே தெரியல."

"யார்னா கேட்டா மூஞ்சியில காறித் துப்புவாங்கடி." அவர் என்னைப் பார்க்கவில்லை. "உனுக்கு எப்படி இத நிதானமா சொல்ல முடியுது? நெஜமா இது அவன் சொன்னதா, இல்ல அந்தப் பொம்பளயக் காப்பாத்த நீயா கட்டறியா?"

"நம்ம புள்ள வாயத் தெறக்காம இருந்தாலே அவனுக்குப் போதும். நாளைக்கு அந்தம்மா தலைல பழியெல்லாம் போயிடும். அது வாணாம், சொல்லிடுன்னு அவன்தான் அனுப்பினான். வேணும்னா அவனையே கேளுங்க."

அவர் கேட்கவில்லை. வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பின்னால் மோட்டார் சத்தம் எழவே இல்லை. நீர் பாய வேண்டிய பாத்தி அன்று காய்ந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்கு வருவாரா, வந்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். என் மகனை வீட்டில் இருக்கச் சொல்லியும் கேளாமல் பின்னால் வந்தான். தையற்காரம்மா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு சந்நிதிக்கு எதிரில் நின்றிருந்தார். பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்.

"சத்தியம் வாணாம்," என்றார் என் கணவர். "என் பையனுக்கு மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஆளு செஞ்சது ஏமாத்து வேல. வேலியில கீற கட்டுக்கொடி. யார் பிழிஞ்சாலும் கட்டிக்கும். தப்பு என் வூட்டுது."

கூட்டம் சலசலத்தது. நாத்தனார் முன்னால் வந்துவிட்டார்.

"அப்ப ஏன்டா என் பொண்ணு வாணாம்னான்? இன்னா கொற என் பொண்ணுக்கு? மருந்து இல்லன்னா வேற இன்னா கீது இவனுக்கு, சொல்லு!"

இந்தக் கேள்விக்கு உண்மையான விடை தெரிந்தவர் அங்கே மூவர்தான். என் கணவர் தம் மகனை நிமிர்ந்து பார்த்தார். கொட்டகையில் நான் சொன்னதற்குப் பிறகு அவனை அவர் பார்த்தது அதுவே முதல் தடவை.

"அவனுக்கு இஷ்டம் இல்ல," என்றார். "இஷ்டம் இல்லாதவன் கழுத்துல கட்ட மாட்டேன்க்கா. அதுக்கு மேல யாரும் கேக்க வாணாம். கேட்டா எங்கிட்ட கேளு, அவன வாணாம்."

"பதினாறு வயசுல இன்னாடா சாமியாரா அவன்?"

"இருக்கட்டுமே."

யாரோ சிரித்தார்கள். பூசாரி தட்டை எடுக்கப் போனார். ஆனால் தையற்காரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"கூப்ட்டீங்க, வந்துட்டேன். சும்மா திரும்பிப் போனா, நாளைக்கு இன்னொருத்தி புள்ளைக்குச் சோறு எறங்கலன்னா மறுபடி என்னியத்தான் கூப்புடுவீங்க." எரிந்த கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுத்தபோது சுடர் இல்லை. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் தலையை ஆட்டினார்.

"நீ நல்லவதாம்மா. உன் புள்ளயும் நல்லவன். ஆனா எங்க வூட்டுப் பக்கம் இனிமே வர வாணாம்னு சொல்லிடு."

என் மகன் சில அடி தள்ளி நின்று அதைக் கேட்டான். தன் வாயால் அவன் காப்பாற்றிய வீடு அன்றோடு அவனுக்கு மூடிக்கொண்டது. அந்த நண்பனும் பிறகு அவனோடு பள்ளிக்கு நடக்கவில்லை. தாய் சொல்லைத் தட்டாத பையன். அந்த இழப்புக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. உடன் இருந்தேன், அதுமட்டும்தான் செய்ய முடிந்தது. வேர்க்கடலை ஆய, வண்டி ஏற, நூலகம் போக என்று ஏதாவது ஒரு வேலையைச் சொல்லி அவனோடு நடந்துகொண்டே இருந்தேன்.

எண்பதுகளில் ஜாதகங்கள் வந்தன. என் கணவர் அந்தப் பேச்சை வாய்விட்டு என்னிடம் மறுபடி எடுக்கவே இல்லை. ஆனால் ஜாதகம் கொண்டுவருபவர்களை வாசலிலேயே உட்காரவைத்து, மோர் கொடுத்து, ஏதாவது ஒரு தோஷத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார். பொய்யே பேசாத மனிதர், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தோஷமாகச் சொல்லி, சில சமயம் முன்பு சொன்னதை மறந்துவிடுவார். "போன வாட்டி செவ்வாய்ன்னீங்க, இப்ப ராகுன்றீங்க," என்று ஒரு தரகர் கேட்டதற்கு, "ரெண்டும்தான்யா கீது, உனுக்கு இன்னா பேஜாரு?" என்று எரிந்து விழுந்தார். உள்ளே இருந்த என் மகன் அதைக் கேட்டு வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். ஊர் எங்களை நம்பவில்லை. கல்யாண வீடுகளில் நாங்கள் போய் உட்கார்ந்தால் பேச்சு சற்றுத் தாழும். நானும் யாரையும் முழுதாக நம்பப் பழகவில்லை.

நாத்தனார் எங்கள் வீட்டு வாசலை அதன் பிறகு மிதிக்கவில்லை. அவருடைய மகள் மட்டும், கல்யாணமாகிக் கூரத்துக்குப் போன பின், தாய்க்குத் தெரியாமல் ஒருமுறை கைக்குழந்தையோடு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே, "அத்த, அன்னிக்கு மாமா மாலைய கீழ வெச்சப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? எனக்கும் மாமாவப் புடிக்கவே புடிக்காது," என்றாள். என் மகன் அவளுக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினான்.

தையற்காரம்மா மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கே போய்விட்டார். அவர் மகன் எங்கோ வடக்கே வேலையில் இருப்பதாகச் சொன்னார்கள். என் கணவர் ஒரு கார்த்திகை மாதத்தில் காலமானார். என் மகன் மோட்டார் காயில் கட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டு, உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு கடை வைத்திருக்கிறான். பொழுது சாய்ந்ததும் கடையைச் சாத்திவிட்டு வருவான். வீட்டில் இப்போது அவனும் நானும் இருக்கிறோம்.